நெஞ்சுப் பட்டையும் நெய் ரோஸ்ட்டும்

ட்ரெட்மில்லை விட்டு இறங்கியதும் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள், முன்பெல்லாம். இப்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள். "மாஸ்டர், முந்நூத்தி இருபது காட்டுது. ஓகேவா?" சென்னையின் மேற்குப் பக்கம் ஒரு மாடி ஜிம்மில் பல வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே காலை வேளையில் பாதி போய்விடுகிறது. எதுக்கு ஓகே என்று திருப்பிக் கேட்டால், பேச்சு பெரும்பாலும் சாப்பாட்டில் போய் நிற்கும். முந்நூற்று இருபது எரிந்துவிட்டது, ஆகவே முந்நூற்று இருபதுக்கு ஏதாவது உள்ளே போகலாம் என்பது அவர்கள் கணக்கு. எங்களிடம் வரும் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இதை ஒளிவு மறைவில்லாமல் கேட்பார்: "ஒரு நெய் ரோஸ்ட்டுக்கு ஆச்சா தம்பி?" அந்த ரோஸ்ட்டில் எவ்வளவு நெய் விழுந்தது என்பது கல்லுக்கு முன்னால் நிற்கிற அந்த மாஸ்டருக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?

இதயத்துடிப்பைக் காட்டும் கருவிகளோடு எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. அவற்றை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறேன். அவை துடிப்பைச் சொல்லும்போது நம்புகிறேன். கலோரியைச் சொல்ல ஆரம்பித்தால் காதை மூடிக்கொள்கிறேன். ஏன் என்று ஜிம்மில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் விளக்க முடிவதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் நான் படித்தபோது எங்களுக்கு இருந்த கருவி விரலும் ஸ்டாப் வாட்சும்தான். 1920-இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய கல்லூரி அது. உடற்கல்வி படித்த யாருக்கும் ஹார்வர்டு படிச் சோதனை மறக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான சோதனை. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்துக்கு 30 முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார வைத்து, ஒரு நிமிடம் கழித்து முப்பது விநாடி நாடி எண்ணுவோம். இரண்டாம் நிமிடம் முடிந்ததும் முப்பது விநாடி, மூன்றாம் நிமிடம் முடிந்ததும் முப்பது விநாடி. மூன்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவோம். நெஞ்சு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதுதான் அந்த மதிப்பெண்ணின் உள்ளடக்கம். எத்தனை கலோரி என்று அந்தச் சோதனை ஒரு வார்த்தை சொல்லாது. யாரும் கேட்டதும் இல்லை.

வேலைக்கு வந்த பிறகுதான் நெஞ்சுப் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். போலார் என்ற பின்லாந்து நிறுவனம் 1982-இலேயே கம்பியில்லாத துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. பனிச்சறுக்கு வீரர்களுக்கு ஓடும்போதே துடிப்பு தெரிய வேண்டும் என்ற தேவையில் பிறந்தது. நம் ஊர் ஜிம்முக்கு அது வந்து சேர்ந்தபோது அதற்கு வயதாகிவிட்டிருந்தது. பட்டையின் உள்பக்கம் இரண்டு மின்முனைகள். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் எழுப்பும் மின்சாரத்தை அவை தோலின் மேலிருந்தே பிடிக்கும். ஈ.சி.ஜி. எடுக்கும் அதே அடிப்படைதான். ஏ.சி. அறையில் தோல் காய்ந்திருந்தால் எண் கன்னாபின்னாவென்று குதிக்கும், மேலே 210, அடுத்த நொடி 48. தண்ணீர் தொட்டுத் தடவிக் கட்டினால் சரியாகிவிடும். வியர்வை வந்த பிறகு தொல்லையே இருக்காது. மாலையில் கழற்றியதும் பட்டையை அலசிக் காயப்போட வேண்டும். உப்பு படிந்தால் பட்டையும் கெடும், அடுத்து கட்டுகிறவர் மூக்கையும் பொத்திக்கொள்வார்.

பழைய பட்டைகளில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாம் ஒரே அலைவரிசையில் பேசும். பக்கத்துப் பக்கத்து ட்ரெட்மில்லில் இருவர் பட்டை கட்டிக்கொண்டு ஏறினால் ஒருவர் துடிப்பு மற்றவர் கடிகாரத்தில் தெரியும். நிதானமாக நடந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு 178 காட்டியதும் அவர் மனைவி பதறிப்போய் ஓடி வந்தார். "ஒண்ணும் இல்லம்மா, அது பக்கத்துத் தம்பியோடது" என்று சொல்லி இருவரையும் பிரித்து நிறுத்தினேன். இப்போதைய பட்டைகளில் இந்தக் குழப்பம் இல்லை.

கடிகாரத்துக்குக் கலோரி எப்படித் தெரிகிறது? தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். உடம்பு எரிப்பதை அளக்க வேண்டுமென்றால் அது குடிக்கும் ஆக்சிஜனை அளக்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி. கொழுப்பு எரிந்தால் சற்றுக் குறையும், மாவுச்சத்து எரிந்தால் சற்றுக் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளக்கும் ஆய்வுக்கூடத்தில் இதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். 1790 வாக்கில் பாரிசில் லவாய்சியர் தன் உதவியாளர் செகானுக்கு முகமூடி மாட்டி இதைச் செய்து பார்த்திருக்கிறார். உழைப்பு கூடினால் ஆக்சிஜன் செலவும் கூடுகிறது, கூடவே நாடியும் வேகமாகிறது என்று அவர்கள் அப்போதே கண்டுகொண்டார்கள். இன்றைக்குக் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அந்தக் கவனிப்பைத் தலைகீழாகத் திருப்புகிறது: நாடி வேகமாக இருக்கிறது, ஆகவே ஆக்சிஜன் இவ்வளவு செலவாகியிருக்கும், ஆகவே கலோரி இவ்வளவு இருக்கும். இரண்டு "இருக்கும்" தாண்டித்தான் அந்த எண் திரைக்கு வருகிறது. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு எத்தனை லிட்டர் பெட்ரோல் போனது என்று சொல்கிற வித்தை.

அது முழுப் புளுகும் இல்லை. சீராக நடக்கும்போதும் ஓடும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும், நடுத்தர வேகத்தில், துடிப்பும் ஆக்சிஜன் செலவும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் சேர்ந்தே ஏறும். ஆனால் அந்தக் கோடு ஆளுக்கு ஆள் வேறு. 1870-இல் அடால்ஃப் ஃபிக் சொன்ன கணக்குப்படி, ஆக்சிஜன் செலவு என்பது நிமிடத்துக்கு இதயம் தள்ளும் ரத்தமும் அந்த ரத்தத்திலிருந்து உடம்பு உறிஞ்சும் ஆக்சிஜனும் சேர்ந்தது. துடிப்பு அதில் ஒரு பங்குதான். ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ரத்தம் வெளியே போகிறது என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. பயிற்சி உள்ளவருக்கு ஒரே துடிப்பில் நிறையப் போகும். இல்லாதவருக்குக் கொஞ்சம்தான் போகும், அதை ஈடுகட்ட இதயம் அதிகமாக அடிக்கும்.

எண்களோடு சொன்னால் விளங்கும். 2005-இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் துடிப்பு, எடை, வயது மூன்றையும் வைத்து ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். இணையத்தில் உலவும் பல கலோரிக் கணிப்பான்களுக்கு அதுதான் அடித்தளம். ஆண்களுக்கு: துடிப்பை 0.6309-ஆல் பெருக்கு, எடையை 0.1988-ஆல், வயதை 0.2017-ஆல், மூன்றையும் கூட்டி 55.0969-ஐக் கழி, வருவதை 4.184-ஆல் வகு. நிமிடத்துக்கு இத்தனை கலோரி என்று கிடைக்கும். 40 வயது, 75 கிலோ, ஐ.டி. வேலை, புதிதாகச் சேர்ந்தவர் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடக்கிறார், துடிப்பு 115. சூத்திரம் நிமிடத்துக்கு 9.7 கலோரி என்கிறது. அரை மணி நேரத்துக்கு 290.

இதே நடையை வேறு வழியில் கணக்குப் போடலாம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் பயிற்சியாளர்களுக்குச் சொல்லித்தரும் நடைச் சூத்திரம் துடிப்பைக் கேட்காது, வேகத்தை மட்டும் கேட்கும். நிமிடத்துக்கு 100 மீட்டர் என்றால் ஒரு கிலோ எடைக்கு 13.5 மில்லி ஆக்சிஜன். 75 கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். நிமிடத்துக்கு 5 கலோரி. அரை மணிக்கு 150. அந்த 150-இலும் 40 கலோரி, அவர் நடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும்.

290 எங்கே, 150 எங்கே! வேகச் சூத்திரமும் வேதவாக்கு இல்லை. ஆனால் நடையைப் பொறுத்தவரை உண்மைக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான். தினமும் நடந்துவிட்டு, அதிகப்படியாகக் காட்டிய அந்த 140-ஐ நம்பிச் சாப்பிட்டால் மாதத்துக்கு 4,200 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது 7,700 கலோரி அளவில். அதாவது மாதம் அரைக் கிலோவுக்கு மேல். "ஒழுங்காத்தான் நடக்கிறேன் மாஸ்டர், எடை ஏறிக்கிட்டே போகுது" என்று சொல்கிறவர்களில் பலருக்கு வேறு நோய் எதுவும் இல்லை, இந்த அரைக் கிலோதான்.

கதை இன்னும் முடியவில்லை. அதே ஐ.டி. தம்பி விடாமல் ஆறேழு மாதம் வருகிறார் என்று வையுங்கள். எடை அதிகம் மாறவில்லை. ஆனால் இதயம் தேறிவிட்டது, அதே வேகத்துக்கு இப்போது 95 துடிப்பு போதும். சூத்திரம் என்ன சொல்லும்? அரை மணிக்கு 200. அதே கால், அதே தூரம், அதே உழைப்பு. செலவும் கிட்டத்தட்ட அதேதான். கடிகாரம் மட்டும் 90 கலோரி குறைத்துவிட்டது. இந்த இடத்தில்தான் ஆட்கள் மனம் உடைந்து போவார்கள். "முன்னே மாதிரி எரியல மாஸ்டர், பாடி பழகிடுச்சு, வேற வொர்க் அவுட் மாத்திக் கொடுங்க" என்பார்கள். ஐயா, உங்களுக்குக் கிடைத்த பரிசைத்தான் அந்தக் கடிகாரம் அபராதம் மாதிரி எழுதிக் காட்டுகிறது என்று எத்தனை பேரிடம் சொல்வது! நல்ல நிறுவனங்கள் உடல்திறனையும் மதிப்பிட்டுத் திருத்தப் பார்க்கின்றன. எல்லாரும் இதே சூத்திரத்தைப் போடுவதும் இல்லை, தங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரின் கோடு எந்தச் சாய்வில் போகிறது என்பது, முகமூடி மாட்டி அளக்காதவரை, அவர்களுக்கும் அனுமானம்தான்.

பெண்களுக்கான சூத்திரம் இன்னும் விசித்திரம். அதில் எடைக்கு முன்னால் கழித்தல் குறி. 40 வயதில் 130 துடிப்பில் அரை மணி நேரம் உழைத்தால் 60 கிலோ பெண்ணுக்கு 237, 70 கிலோ பெண்ணுக்கு 228. அக்கா தங்கை இருவர் எங்களிடம் வந்தார்கள். கணிப்பானில் போட்டுப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார், "கனமா இருக்கிற நான் ஒடம்பைத் தூக்கிட்டு ஓடுறேன், எனக்குக் கம்மியா?" நியாயமான கேள்வி. அந்தச் சூத்திரம் உடம்பின் விதி கிடையாது. ஆய்வில் பங்கேற்ற சிலரின் அளவுகளுக்கு நடுவே இழுத்த சராசரிக் கோடு. அந்தச் சிலரில் நாம் இல்லை. நம் உடம்பின் அடிப்படைச் செலவுக்கே தனிக் கணக்கு உண்டு. 1918-இல் குன்னூரில் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்காக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு பிரிவுதான் வளர்ந்து, பிறகு ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியர்களுக்கான கலோரிப் பரிந்துரைகளைப் போடும்போது, ஓய்வில் நம் உடம்பு செலவிடுவது அயல்நாட்டுச் சூத்திரங்கள் சொல்வதைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு என்று வைத்துத்தான் அவர்கள் கணக்கிட்டார்கள். கடிகாரத்தில் வயது கேட்கிறது, எடை கேட்கிறது. இதைக் கேட்பதில்லை.

ஓய்வுத் துடிப்புக்கு வந்தால் சூத்திரம் முழுசாகவே கவிழும். அதே 75 கிலோக்காரர் 72 துடிப்பில் சும்மா உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு 3.2 கலோரி என்று வருகிறது. உண்மையில் 1.3-ஐ ஒட்டித்தான் இருக்கும். கிண்டி சிக்னலில் மாட்டிக்கொண்டு கோபத்தில் துடிப்பு 100 ஆனால் 7.4 கலோரி! கோபப்பட்டே இளைத்துவிடலாம் என்றால் இந்த ஊரில் குண்டானவர்களே இருக்க மாட்டார்கள். காப்பி, பயம், தூக்கமின்மை, காய்ச்சல் எல்லாமே துடிப்பை ஏற்றும். தசை எதையும் எரித்திருக்காது.

கத்திரி வெயிலில் கரண்ட் போன காலைகளில் இதை ஜிம்மிலேயே பார்க்கலாம். ட்ரெட்மில் நின்றுவிடும், ஆகவே சைக்கிளில் ஏற்றி ஒரே மிதி வேகத்தில் ஓட்டச் சொல்வேன். இருபது நிமிடம் தாண்டியதும் துடிப்பு தானாக ஏறிக்கொண்டே போகும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, குறைந்த ரத்தத்தைச் சுற்றவைக்க இதயம் கூடுதலாக அடிக்கிறது. மிதிக்கும் வேலை கூடவே இல்லை. கடிகாரமோ கலோரியை அள்ளி வீசுகிறது. வியர்வை ஊற்றினால் கொழுப்பு கரையும் என்று நம்புகிற ஊரில், கருவியும் வந்து ஆமாம் போடுகிறது.

எடை தூக்கும்போதும் இதே தகராறு. பெஞ்ச் பிரஸ்ஸில் மூச்சைப் பிடித்துத் தள்ளினால் துடிப்பு 140 போகும். இறுகிய தசைக்குள் ரத்தக் குழாய் நசுங்குகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, அதனால்தான் துடிப்பு. ஆக்சிஜன் செலவு அதே துடிப்பில் ஓடும்போது ஆவதன் பக்கத்தில்கூட வராது. கையால் செய்யும் வேலை எதற்கும் காலால் செய்யும் அதே அளவு வேலையைவிடத் துடிப்பு கூடுதலாகத்தான் இருக்கும். டம்பெல் நாட்களின் கலோரிக் கணக்கை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் பயப்படுவது எதிர்ப்பக்கத்துக் கோளாறுக்கு. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சேர்ந்தார். தினமும் 300 கலோரி என்று மகன் கடிகாரத்தில் இலக்கு வைத்துக் கொடுத்திருந்தான். மூச்சு வாங்குகிறது, முகம் சிவக்கிறது, துடிப்பு மட்டும் 98-ஐத் தாண்டவில்லை. இலக்கு எட்டவில்லை என்று அவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். மெஷினை நிறுத்திவிட்டு, "சார், பிரஷருக்கு என்ன மாத்திரை எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். மெட்டோப்ரோலால். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளின் வேலையே இதயத்தை வேகமாக அடிக்க விடாமல் பிடித்து வைப்பது. அந்த மாத்திரை போட்டவருக்குக் கலோரி எண்ணும் பொய், 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் உச்சத் துடிப்பும் பொய். அவருக்கு நான் வைத்த அளவுகோல் பேச்சு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த 220 கணக்கே 1971-இல் பல பழைய தரவுகளை வைத்துக் கண்ணளவில் போட்ட கோடுதான். ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சாதாரணம்.

மணிக்கட்டுக் கடிகாரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இப்போது பட்டை கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பச்சை விளக்கைத் தோலில் அடித்து, ரத்தம் வந்து போவதால் திரும்பும் ஒளி கூடிக் குறைவதைப் படிக்கின்றன. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத இறுக்கத்தில் கட்டினால் நடைக்குப் போதும். வளையல் மாதிரித் தொங்கவிட்டால் பயனில்லை. ட்ரெட்மில் கைப்பிடியை இறுகப் பிடித்தாலும், டம்பெல் தூக்க மணிக்கட்டை மடக்கினாலும் தடுமாறும். ஓடும்போது சில சமயம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு 160 அடி வைத்தால் துடிப்பும் 160 என்று காட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் கழுத்தில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவேன். நந்தனத்தில் கற்றது இன்னும் கை கொடுக்கிறது.

2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறுபது பேருக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டி நடக்கவிட்டு, ஓடவிட்டு, சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் இருந்தன. கலோரியில் இருந்ததிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அந்த மாடல்கள் இப்போது கடையில் இல்லை. கருவிகள் மாறியிருக்கலாம், ஆனால் துடிப்பிலிருந்து கலோரிக்குப் போகும் அந்த இரண்டு "இருக்கும்" மாறவில்லை.

ஆக, பட்டையை வைத்து நான் செய்வது மூன்று வேலைதான். சேர்ந்த வாரத்தில் ஒவ்வொருவரையும் சமதளத்தில், ஒரே வேகத்தில், பத்து நிமிடம் நடக்கவிட்டுத் துடிப்பைக் குறித்துக்கொள்வேன். நிறுத்திய ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அதே வரியில் எழுதுவேன். காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால், படுக்கையிலேயே எடுத்த துடிப்பை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். மாதம் ஒருமுறை, முடிந்தவரை அதே நேரத்தில், மறுபடியும் நடக்கவிடுவேன். தலைமை ஆசிரியருக்கு நடைத் துடிப்பு இறங்கியிருக்கிறது, அடங்கும் வேகம் கூடியிருக்கிறது. நெய் ரோஸ்ட்டை அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார், என் பேச்சைக் கேட்டு இல்லை, சர்க்கரை டாக்டர் சொன்னதால்.

சாப்பாட்டுக் கணக்கு வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நடைக்கும் ஓட்டத்துக்கும் துடிப்பை விட்டுவிட்டு எடையையும் தூரத்தையும் பாருங்கள். ஓட்டம் என்றால் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி. 70 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 350-ஐ ஒட்டி. வழக்கமான வேக நடைக்கு, ஓய்வுச் செலவைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அதில் பாதியிலிருந்து முக்கால் பங்கு. இந்தக் கணக்கில் உங்கள் கோபமும் வெயிலும் மாத்திரையும் புகுந்து கெடுக்க முடியாது.

புதிதாகக் கருவி வாங்குகிறவர்கள் ஓட்டம், சைக்கிள் என்றால் நெஞ்சுப் பட்டையாகவே வாங்குங்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், எந்தத் துடிப்பு வரை போகலாம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஜிம்முக்கு வாருங்கள். கடிகாரம் காட்டவில்லையே என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே கையில் ஒன்று இருந்தால், அதன் செட்டிங்ஸில் போய் உடற்பயிற்சித் திரையிலிருந்து கலோரிக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், பெரும்பாலானவற்றில் அது முடியும். அந்த இடத்தில் துடிப்பையும் நேரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.